பண்ணைக்கு வரும் ஒரு நாள் விருந்தாளிகள்

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நெல்லும் அல்ல, கரும்பும் அல்ல. நகரத்துக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தை குட்டிகளோடு வந்து, மாலை வரை சுற்றிப் பார்த்து, விளையாடி, சாப்பிட்டு, கட்டணம் கொடுத்துவிட்டுப் போகும் சிறு பண்ணைப் பூங்காக்களைப் பற்றிப் பேசப் போகிறேன். பயிற்சிக்கு வருகிறவர்களில் சிலர் அண்மைக் காலமாக என்னிடம் இதைக் கேட்டு வருகிறார்கள். "நாலு ஏக்கர் இருக்கிறது, சாலையோரம், கிணற்றில் தண்ணீரும் இருக்கிறது. ராட்டினம், சறுக்கு மரம் எல்லாம் வாங்கிப் போட்டுப் பூங்கா நடத்தலாமா? வங்கியில் கடன் கேட்டிருக்கிறேன்" என்பதுதான் கேள்வி. பேச்சில் கடன் வந்துவிட்டபடியால் ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. ஆகவே சற்று விரிவாகவே பேசுகிறேன்.

பண்ணையைப் பார்க்கக் குடும்பங்கள் வருவது உலகில் புதியது அல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் பியூனா பார்க் என்ற ஊரில் வால்டர் நாட் என்னும் உழவர் 1920-ல் 20 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துப் பெர்ரிப் பழம் பயிரிட்டார். விளைந்ததைச் சாலையோரத்தில் கடை போட்டு விற்றார். ருடால்ப் பாய்ஸன் என்பவர் ஒட்டுச் சேர்த்து உருவாக்கிக் கைவிட்டிருந்த ஒரு பெர்ரிச் செடி, கவனிப்பாரின்றி வாடிக் கிடந்தது. அதை எடுத்து வந்து உயிர்ப்பித்து, பெரிய பழமாக விளைவித்துக் காட்டியவர் நாட். பாய்ஸன் பெயராலேயே அது பாய்ஸன் பெர்ரி ஆயிற்று. பெயரைக் கேட்டு நஞ்சு என்று எண்ணிவிட வேண்டாம், நல்ல பழம்தான்.

1934 ஜூனில் அவருடைய மனைவி கார்டீலியா, தம் திருமணத்திற்கு வந்த பீங்கான் தட்டுகளை எடுத்து வைத்து, எட்டுப் பேருக்குக் கோழி வறுவல் சாப்பாடு போட்டார். ஒரு சாப்பாடு 65 அமெரிக்க சென்ட். அது பெயர் பெற்று, சாப்பாட்டுக்குக் காத்திருப்போர் வரிசை நீண்டது. காத்திருப்பவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே என்று 1940-ல் பழைய சுரங்க ஊர் ஒன்றைப் போல மரக் கட்டிடங்களை நாட் எழுப்பத் தொடங்கினார். பிறகு ரயில் வந்தது, ராட்டினங்கள் வந்தன. 1968-ல் சுற்றிலும் வேலி போட்டு நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். 1997-ல் குடும்பத்தார் அதைக் கேளிக்கைப் பூங்கா நடத்தும் ஒரு நிறுவனத்துக்கு விற்றார்கள். இன்று அது உலகம் அறிந்த பெரிய பூங்கா. பெயரில் பெர்ரிப் பண்ணை இருக்கிறது. பெர்ரிச் சாகுபடிதான் அங்கே இல்லை.

நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் குடும்பம் உழைத்து முன்னேறிய குடும்பம். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதலில் பழம், அடுத்து சாப்பாடு, கூட்டம் சேர்ந்த பிறகுதான் ராட்டினம். கூட்டமே இல்லாத இடத்தில் ராட்டினத்தை முதலில் நட்டு, அது கூட்டத்தைக் கூட்டிவரும் என்று அவர் காத்திருக்கவில்லை. நம்மில் பலர் தலைகீழாகத் தொடங்கப் பார்க்கிறோம்.

இன்னொன்று, இங்கிலாந்தில் காட்ஸ்வோல்ட் குன்றுப் பகுதியில் உள்ளது. ஜோ ஹென்சன் என்ற உழவர் 1971-ல் தம் பண்ணையைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தார். அக்காலத்தில் அந்நாட்டின் பழைய ஆடு, மாடு, பன்றி இனங்கள் வருமானம் போதாதென்று கைவிடப்பட்டு அழிந்து வந்தன. அவற்றை வளர்க்க அவருக்கு ஆசை. தீவனச் செலவுக்கு வழியில்லை. பார்க்க வருபவர்கள் தரும் கட்டணத்தால் அச்செலவைச் சமாளித்தார். அங்கே வேனிற்கால ஆரம்பத்தில் ஆடு குட்டி ஈனுவதைக் குடும்பங்கள் நின்று பார்க்கின்றன. கோடையில் கம்பளி கத்தரிப்பதைப் பார்க்கின்றன. டிராக்டர் இழுக்கும் வண்டியில் பண்ணையைச் சுற்றி வருகின்றன. பூங்காவைச் சுற்றி இன்றும் சாகுபடி நடக்கிறது.

நம் நாட்டின் பிற மாநிலங்களிலும் உதாரணம் உண்டு. மகாராஷ்டிரத்தில் குளிர்காலத்தில் பால் பிடித்த இளஞ்சோளக் கதிரைத் தணலில் வாட்டி, உதிர்த்து, சட்டினிப் பொடியோடு தின்பார்கள். 'ஹுர்டா' என்று பெயர். அதைத் தின்பதற்கென்றே நகரத்துக் குடும்பங்கள் பண்ணைகளுக்குப் போகின்றன. அம்மாநில அரசு 2020-ல் வேளாண் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. அங்கே விலை போவது என்ன? ஒரு கைப்பிடிச் சோளம். அதையும் களத்துமேட்டில் உட்கார்ந்து தின்கிற வாய்ப்பு.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். சென்ற பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் குடும்பத்தோடு அப்படிப்பட்ட ஒரு பூங்காவுக்குப் போய் வந்தேன். ஊரும் பேரும் வேண்டாம். மூன்று ஏக்கர் இடம். பெரியவர்களுக்கு 150 ரூபாய், குழந்தைகளுக்கு 100 ரூபாய் கட்டணம். வாயிலில் சிமெண்டில் செய்த பசு, உள்ளே சறுக்கு மரம், ராட்டினம், மோட்டார் வைத்த சிறு ரயில். ரயில் அன்று ஓடவில்லை. பெல்ட் அறுந்து, ஆள் வரவில்லை என்றார்கள். அதற்கு வாங்கிய கடனின் தவணை மட்டும் மாதம் தவறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அதன் உரிமையாளரே சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

என் மகளும் அண்ணன் மகனும் சறுக்கு மரத்தில் இருபது நிமிடம் விளையாடினார்கள். அந்தச் சறுக்கு மரம் நகராட்சிப் பூங்காவிலும் இருக்கிறது. அங்கே கட்டணமும் இல்லை. பிறகு அவர்களைக் காணவில்லை. தேடிப் போனால், பூங்காவின் பின்புறம், விளம்பரப் பலகையில் எங்குமே குறிப்பிடாத ஒரு பத்து சென்ட் நிலக்கடலைத் தாக்கில் நிற்கிறார்கள். உரிமையாளரின் தாயார் வீட்டுச் செலவுக்காகச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார். குழந்தைகளும் கூடச் சேர்ந்து பிடுங்கினார்கள். சற்று நேரத்தில் வேறு குடும்பங்களின் குழந்தைகளும் சேர்ந்து பன்னிரண்டு பேர் ஆயினர். "பூ மேலே இருக்கு, காய் எப்படிப் பாட்டி மண்ணுக்குள்ளே போச்சு?" என்று ஒரு சிறுவன் கேட்டான். அந்த அம்மாள் ஒரு செடியைத் திருப்பி, விழுதைக் காட்டி, "பூ வாடினதும் இது குனிஞ்சு மண்ணுக்குள்ள இறங்கிடும் கண்ணு, அங்கே போய்த்தான் காய்க்கும்" என்றார். கல்லூரியில் நான் ஒரு மணி நேரம் நடத்துகிற பாடம் அது. அந்தக் குழந்தைகள் ஒன்றரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பெற்றோர் வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்துவிட்டனர். புறப்படும்போது ஆளுக்கு இரண்டு படி பச்சைக் கடலை விலைக்குக் கேட்டார்கள். விற்பதற்கு அங்கே கடலை இல்லை.

உங்கள் நிலத்தில் ஏற்கெனவே இருப்பதைத்தான் அந்தக் குடும்பங்கள் தேடி வருகின்றன. ஆனால் அதை அவர்கள் வரும் நாளில் ஆயத்தமாக வைத்திருப்பதற்குத் திட்டம் வேண்டும். இங்கேதான் உழவியல் வருகிறது.

நிலக்கடலையையே எடுத்துக்கொள்வோம். சுமார் 105 நாள் வயதுடைய கொத்து ரகத்தை ஒரே நாளில் விதைத்துவிட்டு, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கலாம் என்று நிறுத்தி வைக்க முடியாது. கொத்து ரகங்களுக்கு விதை உறக்கம் இல்லை; முதிர்ந்த பின் மண்ணில் ஈரம் இருந்தால் வயலிலேயே முளைத்துவிடும். கொடி ரகம் முளைக்காது. ஆனால் குழந்தை பிடுங்கினால் கொடி கையோடு வரும், காய் மண்ணோடு நிற்கும். ஆகவே கொத்து ரகத்தையே ஐந்து ஐந்து சென்ட்டாக, பத்து நாள் இடைவெளியில் விதைக்க வேண்டும். மே மாத விடுமுறைக்குக் கடலை வேண்டுமானால் ஜனவரி 20 வாக்கில் முதல் தாக்கு விதைத்தால் மே முதல் வாரத்தில் பிடுங்கலாம். அடுத்தது ஜனவரிக் கடைசி, அதற்கடுத்தது பிப்ரவரி பத்து. விதைத்த 40 முதல் 45-ஆம் நாளுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ வீதம் ஜிப்சம் இட்டு மண் அணைத்துவிடுங்கள். அதற்குப் பின் விழுது இறங்கும் தாக்கில் யாரையும் நடக்கவிடக் கூடாது, கயிறு கட்டிவிடுங்கள். பிடுங்கும் நாளுக்கு முதல் நாள் மாலை இலேசாக ஈரம் காட்டினால் காய் அறாமல் வரும். மணற்பாங்கான நிலம் இதற்கு உகந்தது. களிமண் நிலத்துக்காரர்கள் இந்த ஆசையை விட்டுவிட்டு வெண்டையோ கீரையோ வைத்துக்கொள்ளலாம்.

முளைக்கீரை 25 நாளில் வேரோடு பிடுங்கக் கிடைக்கும். குழந்தைக்குக் கையில் ஒரு கட்டு கொடுத்து அனுப்பலாம். வெண்டை, நட்ட ஒன்றரை மாதத்திலிருந்து ஒன்று விட்டு ஒரு நாள் பறிப்புக்கு வரும். சுணை அரிக்கும்; முழுக்கைச் சட்டை போட்டு வரச் சொல்லுங்கள். சோளக் கதிர் வாட்டித் தருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கதிர் ஒடித்த பின் வறட்சியில் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும் இளம் தழையில் மாட்டைக் கொல்லும் நஞ்சு உண்டு. கட்டுத்தறியை விட்டு மாடு அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விருந்தாளியின் குழந்தை பிரியமாக ஒரு கை பறித்து மாட்டுக்கு ஊட்டவும் கூடும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த செய்தி. ராட்டினத்துக்கு ஒதுக்கிய பணத்தை எதில் போடுவது என்று கேட்டால், முதலில் குழாயிலும் சோப்பிலும் போடுங்கள் என்பேன். நான் போன பூங்காவில் ஆட்டுக்குட்டிகளுக்குத் தழை ஊட்டும் பட்டி, சாப்பிடும் கொட்டகைக்கு நேர் பக்கத்தில் இருந்தது. கை கழுவ ஒரு டிரம்மில் தண்ணீரும் ஒரு குவளையும் வைத்திருந்தார்கள். சோப்பு இல்லை. ஆட்டைத் தடவிய கையோடு குழந்தைகள் கடலை உரித்துத் தின்றார்கள்.

இதில் என்ன வந்துவிடப் போகிறது, நாம் எல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம் என்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். 2009-ல் இங்கிலாந்தின் சரே பகுதியில், குடும்பங்கள் வந்து ஆடு மாடுகளைத் தொட்டுப் பார்க்கும் ஒரு திறந்த பண்ணையில், ஈ. கோலை ஓ157 என்ற நுண்ணுயிரி பரவி 93 பேர் நோயுற்றனர். பெரும்பாலோர் குழந்தைகள். சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகி, இயந்திரத்தின் மூலம் இரத்தம் சுத்திகரிக்க வேண்டியதாயிற்று. இந்த நுண்ணுயிரி மாடு, ஆடுகளின் குடலில் இருக்கும். கால்நடைக்கு ஒன்றும் செய்யாது. பார்ப்பதற்குக் கொழுகொழுவென்று இருக்கும் கன்றின் சாணத்திலும் அது இருக்கலாம். மிகச் சிறிதளவு வாய்க்குள் போனாலே நோய் வரும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். ஆகவே கால்நடைப் பட்டி ஒரு கோடியிலும் சாப்பாட்டுக் கொட்டகை மறு கோடியிலும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில், குழந்தையின் உயரத்துக்கு எட்டும்படி ஓடும் தண்ணீர்க் குழாய்கள், ஒவ்வொன்றிலும் சோப்பு, பக்கத்தில் ஒரு ஆள். கையில் தடவிக்கொள்ளும் கிருமிநாசினித் திரவம் சாணம் பட்ட கைக்குப் போதாது. கறந்த பாலை அப்படியே நுரையோடு குடிக்கக் கொடுப்பது பெருமை என்று சிலர் நினைக்கிறார்கள். கருச்சிதைவு நோய் கண்ட மாட்டின் பால் வழியாக அந்நோய் மனிதருக்கும் வரும். காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். பம்புசெட்டுத் தொட்டியில் குளிப்பதற்கென்றே நகரத்துக் குழந்தைகள் ஆசைப்பட்டு வருகிறார்கள். நான் பார்த்த தொட்டி ஐந்தடி ஆழம். சுவரிலே நனைந்த கம்பி தொங்கியது. குழந்தைகள் இறங்கும் தொட்டியில் இரண்டடிக்கு மேல் தண்ணீர் நிற்க வேண்டாம். ஆள் காவல் இல்லாத நேரத்தில் தொட்டி காலியாக இருக்கட்டும். மோட்டார் இணைப்பில் மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புக் கருவியை, உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டு பொருத்துங்கள். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் மட்டும் போதாது. மேலே இரும்பு வலை வேண்டும். டிராக்டரின் மட்கார்டில் குழந்தைகளை உட்கார வைத்துச் சுற்றும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. விருந்தாளி எவ்வளவு கெஞ்சினாலும் அதற்கு இணங்க வேண்டாம்.

வருகிறவர்கள் நடமாடும் தாக்குகளில் பூச்சிக்கொல்லி மருந்தை அறவே தவிர்த்து, ஐந்து சத வேப்பங்கொட்டைச் சாற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மற்றத் தாக்குகளில் தெளித்திருந்தால், மருந்துச் சீட்டில் கண்ட காத்திருப்பு நாள்கள் முடியும் வரை அந்தப் பக்கமே வழி விடாதீர்கள். மருந்து டப்பா, காலி டப்பா இரண்டும் பூட்டிய அறையில் இருக்கட்டும். கடலைத் தாக்கில் எலி இருக்கும், எலிக்குப் பாம்பு வரும். நடைபாதையை ஆறடி அகலத்துக்குச் செதுக்கி வையுங்கள். பாம்புக்கடி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது, எத்தனை மைல், தொலைபேசி எண் என்ன என்பதை வாயிலில் எழுதி வையுங்கள். வண்டி மாடு வயதானதாக, சாதுவாக இருக்க வேண்டும். அண்மையில் கன்று ஈன்ற பசுவின் அருகே யாரையும் விடாதீர்கள். பண்ணை நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் தவறக் கூடாது.

இதெல்லாம் இவ்வளவு பெரிய பட்டியலா என்று சிலர் பின்வரிசையில் சலித்துக்கொள்வது தெரிகிறது. விளையாட வந்த இடத்தில் ஒரு குழந்தைக்கு ஏதேனும் நேர்ந்தால் அந்தக் குடும்பத்தின் நிலை என்ன என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் பூங்கா அன்றோடு சரி என்பது அதற்குப் பிற்பட்ட செய்தி.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இருபது குடும்பம், குடும்பத்துக்கு நாலு பேர், சராசரி 125 ரூபாய் என்று வைத்தால் ஒரு நாள் வரவு 10,000 ரூபாய். இதைக் கேட்டதும் 52-ஆல் பெருக்கிப் பார்க்கத் தோன்றும். அங்கேதான் தவறு நேர்கிறது. அடைமழை ஞாயிறுகளையும், அக்கினி நட்சத்திர வெயிலையும், பள்ளித் தேர்வு மாதங்களையும் கழியுங்கள். பலருக்குப் பாதிகூட மிஞ்சாது. ஆனால் கடனுக்கு வட்டி பன்னிரண்டு மாதமும் உண்டு. ஆதலால் முதல் இரண்டு ஆண்டு கடன் வாங்காமல் நடத்திப் பாருங்கள். புளியமரத்துக் கிளையில் கயிற்று ஊஞ்சல், வைக்கோற்போரில் ஏறி விழ ஒரு இடம், இரண்டு டயர், ஒரு மாட்டு வண்டி போதும். கட்டணத்தைவிட, புறப்படும்போது விற்கும் கடலை, கீரை, நாட்டுக்கோழி முட்டை, செக்கு எண்ணெய் ஆகியவற்றில் உங்களுக்கு நின்று கிடைக்கும். இடைத்தரகர் இல்லாமல் முழு விலையும் உங்கள் கைக்கு வருகிற விற்பனை அது.

சட்ட விவரங்களிலும் அசட்டையாக இராதீர்கள். விவசாயத்துக்கென்று கொடுக்கப்பட்ட இலவச மின்சாரம் வேளாண் பணிக்கே உரியது. கட்டணம் வாங்கும் குளியல் தொட்டிக்கும் கொட்டகை விளக்குக்கும் அந்த இணைப்பைப் பயன்படுத்தினால் வம்பில் மாட்டிக்கொள்வீர்கள். தனி இணைப்புக்கு மின் வாரிய அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். சாப்பாடு போட்டால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். ஊராட்சியில் கேட்டு, என்ன அனுமதி தேவை என்பதை எழுத்திலே பெற்றுக்கொள்ளுங்கள். வருகிறவர்களுக்கு விபத்துக் காப்பீடு செய்ய முடியுமா என்று காப்பீட்டு நிறுவனத்தாரிடம் விசாரியுங்கள்.

வீட்டுப் பெண்களைக் கலந்து பேசாமல் இதைத் தொடங்காதீர்கள். சமைப்பதும், குழந்தைகளைக் கவனிப்பதும், கழிவறையைச் சுத்தமாக வைப்பதும் கடைசியில் யார் தலையில் விழும் என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்குத் தெரியும். அவர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய கூலி கணக்கில் எழுதப்பட வேண்டும். நான் பார்த்த பூங்காவில் கடலைத் தாக்கில் நின்ற அந்த அம்மாளுக்கு யாரும் ஒரு நாற்காலிகூடப் போடவில்லை.

ஆசை இருப்பவர்கள் முதலில் உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் ஒரு வகுப்புப் பிள்ளைகளை, ஆசிரியரோடு, கட்டணம் இல்லாமல் அழைத்து ஒரு நாள் வைத்துப் பாருங்கள். எங்கே ஓடுகிறார்கள், எதைத் தொடுகிறார்கள், எங்கே வழுக்குகிறது, எத்தனை வாளித் தண்ணீர் செலவாகிறது என்பதை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டோடு வாருங்கள். எந்தத் தாக்கில் எதை, எந்தத் தேதியில் விதைப்பது என்று சேர்ந்து உட்கார்ந்து திட்டம் போடுவோம். வரும்போது மண் மாதிரியும் அரைக் கிலோ கொண்டுவாருங்கள்.